இழந்த கையும் இரும்புக் கையும்

லூயிஸ் கிராண்டேல் என்ற ஆங்கிலேயனை அவன் பிறந்த நாட்டில் இன்று ஞாபகம் வைத்திருப்பவர்கள் பெரும்பாலும் பழைய சித்திரக்கதை சேகரிப்பவர்கள்தான். பேராவூரணிக் கடைத்தெருவில் ஐம்பது வயதைத் தாண்டிய ஒருவரிடம் 'மாயாவி' என்று சொல்லிப் பாருங்கள். வலது முழங்கையை மடக்கி, விரல்களை விறைப்பாக நீட்டிக் காட்டுவார். அந்தச் சைகைக்கும், 280 கோடி டாலர் என்று வசூல் கணக்குப் பேசப்படும் ஹாலிவுட் சூப்பர் ஹீரோ படங்களுக்கும் நடுவில் ஒரு சரித்திரம் இருக்கிறது. அதை யாராவது எழுதித்தான் ஆகவேண்டும்.

இவ்வகைப் படங்களைப் பொருட்படுத்தாமல் இருப்பது நம் வட்டத்தில் ஒரு நாகரிகமாகவே ஆகிவிட்டது. புதுக்கவிதையின் படிமம் பற்றி மூன்று இரவுகள் விவாதிக்கிறவர்கள், ஒரு தலைமுறையின் மனதில் ஆழப் பதிந்த படிமம் எது என்ற கேள்வி வந்ததும் சிகரெட்டைப் பற்றவைத்துக்கொண்டு வெளியே பார்ப்பார்கள். நான் இந்தப் படங்களின் ரசிகன். அந்தச் சொல்லுக்கு வெட்கப்படவில்லை. ரசிகனுக்கும் கறாரான கணக்கு உண்டு. விமர்சகனுடையதைவிடக் கறாரானது, ஏனெனில் அவன் காசு கொடுத்துப் பார்க்கிறவன்.

கிராண்டேல் 1962 அக்டோபரில் பிறந்தான். லண்டனிலிருந்து வெளிவந்த வேலியண்ட் என்ற சிறுவர் வாராந்தரியின் முதல் இதழிலேயே அவன் கதை ஆரம்பமாயிற்று. கென் பல்மர் எழுதினார், பின்னால் டாம் டல்லி. வரைந்தவர் ஸ்பெயின் தேசத்தவரான ஹெஸூஸ் பிளாஸ்கோ. விபத்தில் வலது கையை இழந்து இரும்புக் கை பொருத்திக்கொண்டவன் கிராண்டேல்; விஞ்ஞானி ஒருவரின் உதவியாளன். ஆய்வுக்கூடத்தில் மின்சாரம் பாய்ந்ததும் அவன் உடல் மறைந்துபோகிறது. இரும்புக் கை மட்டும் மறைவதில்லை. இந்தச் சக்தி கிடைத்ததும் அவன் முதலில் செய்கிற காரியம் உலகத்தைக் காப்பாற்றுவதல்ல, திருடுவது. நல்லவனாகி, உளவுப் படையில் சேர்ந்து, விரல்களில் ஆயுதங்களை ஒளித்துக்கொண்டு திரிந்ததெல்லாம் பிற்பாடு. இடையில் சிலகாலம், அமெரிக்க மோஸ்தரைப் பார்த்து, அவனுக்கு உடலை ஒட்டிய ஒரு வேஷத்தையும் மாட்டிவிட்டார்கள். அது அவனுக்குப் பொருந்தவில்லை, சீக்கிரமே கழற்றிவிட்டார்கள்.

சிவகாசியில் எம். சௌந்திரபாண்டியன் தொடங்கிய முத்து காமிக்ஸின் முதல் வெளியீடாக 1972-ல் 'இரும்புக்கை மாயாவி' வந்தது. ஆரம்ப இதழ்களுக்கு ஆசிரியராக இருந்தவர் முல்லை தங்கராசன். தீப்பெட்டிக்கு லேபிளும் வீட்டுச் சுவருக்குக் காலண்டரும் அச்சடித்துக்கொண்டிருந்த ஊர் இந்த ஆங்கிலேயனையும் அச்சடித்தது. பெயர் வைத்தவருக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம். மாயாவி என்பது நம் மரபில் நாயகனின் பெயரல்ல. கிஷ்கிந்தையில் வாலி குகைக்குள் துரத்திக்கொண்டு போன அசுரனின் பெயர் அது. பாட்டிகள் சொன்ன கதைகளில் ராஜகுமாரியைத் தூக்கிப் போகிற மந்திரவாதிக்கும் அதுதான் பெயர். ஆக, தமிழ்ச் சிறுவன் முதன்முதலாகக் கையில் எடுத்த சூப்பர் ஹீரோவின் அட்டையிலேயே ஒரு வில்லனின் பெயர் இருந்தது. அவனுடைய பழைய குற்றத்தை அந்தப் பெயர் மறக்கவிடவில்லை.

பேராவூரணி தஞ்சை ஜில்லாவின் தெற்குக் கோடியில், பட்டுக்கோட்டைக்கும் அறந்தாங்கிக்கும் நடுவில் இருக்கிறது. 1934-ல் மேட்டூர் அணையோடு வந்த கல்லணைக் கால்வாயை இந்தப் பக்கத்தில் புது ஆறு என்பார்கள். அதன் கடைமடை நாங்கள். மேலே எல்லோர் வயலும் நிறைந்த பிறகுதான் எங்களுக்குத் தண்ணீர் வரும். சில வருஷம் வராது. சினிமாவும் அப்படித்தான் வந்தது. சென்னையில் ஓடி, தஞ்சாவூரில் ஓடி, பட்டுக்கோட்டையில் ஓடி, பெட்டிக்குள் கிடந்த பிரதியில் மழைக்கோடு விழுந்த பிறகு டூரிங் கொட்டகைக்கு வரும். ஹாலிவுட் படத்துக்கு அந்த வரிசையில் இடமே இல்லை. சித்திரக்கதைப் புத்தகம் மட்டும்தான் தலைமடைக்கும் கடைமடைக்கும் ஏறக்குறைய ஒரே வாரத்தில் வந்தது. இதை நான் சிறிய விஷயமாக நினைக்கவில்லை. ஒரு நவீனப் புராணத்தை நகரத்துப் பையனும் கடைமடைப் பையனும் ஒரே சமயத்தில் படித்தது அச்சினால்தான், சினிமாவினால் அல்ல.

வந்த புத்தகம் ஒன்றுதான். அது சலூன், டீக்கடை, பள்ளிக்கூடப் பை, மாட்டுக்கொட்டகை என்று சுற்றி எங்கள் தெருவுக்கு வரும்போது அட்டையும் முதல் பக்கங்களும் இருக்காது. அதனால் மாயாவியின் கை எப்படிப் போயிற்று என்பது எங்களில் பலருக்குத் தெரியாது. ஆனாலும் கதை இருந்தது, ஒன்றல்ல, மூன்று. ஒன்றில் ரயிலில் அடிபட்டது. ஒன்றில் கரும்பு ஆலையில் மாட்டிக்கொண்டது. மூன்றாவது, பெரும்பான்மையோர் ஒப்புக்கொண்டது: அவனை ராஜா பிடித்துக் கையை வெட்டிவிட்டான்.

மூன்றாவது கதை எங்கிருந்து வந்தது என்பதற்கு ஆராய்ச்சி வேண்டாம். ஊர் எல்லைக்கு ஊர் எல்லை வீரன் கோயில் இருக்கிற பிரதேசம் இது. மதுரை வீரன் மாறுகால் மாறுகை வாங்கப்பட்டவன். கள்வரை அடக்க வந்தவன் கள்வரோடு சேர்ந்தவன் என்று பழி சுமந்து, அரசன் ஆணையால் வெட்டுண்டு, பிறகு மீனாட்சி கோயிலின் கிழக்கு வாசலில் தெய்வமாக நின்றான். காத்தவராயன் கழுவேறியவன்; கழுமரம் ஏறுவதைச் சடங்காக இன்றும் நடத்துகிற ஊர்கள் காவிரிப் பக்கத்தில் உண்டு. நம் காவல் தெய்வங்களில் பலருக்கு ஒரே ஜாதகம்தான்: முதலில் குற்றம் அல்லது குற்றம் என்று சொல்லப்பட்ட ஒன்று, பிறகு தண்டனை, உடலில் ஓர் இழப்பு, அதற்குப் பிறகுதான் சக்தி. நாங்கள் கேட்ட கதைகளில் வெட்டிய கையை யாரும் ஒட்டவைப்பதில்லை. ஒட்டவைத்துவிட்டால் அவன் வீரன் இல்லை. கை திரும்பக் கிடைத்த ஒரு சேவகன், அவ்வளவுதான்.

பிளாஸ்கோவின் கோடுகளில் நாங்கள் பார்த்தது இதைத்தான். லண்டன் நகரத்துக் கட்டடம், இருட்டு, அந்தரத்தில் தொங்குகிற ஒரு கை. ஓவியர் எதை வரையாமல் விட்டாரோ அதுவே கதாநாயகன். ஒரு கட்டத்துக்கும் அடுத்த கட்டத்துக்கும் நடுவிலுள்ள வெள்ளைக் கோட்டில் அவன் நடந்தான், மூச்சு விட்டான். அந்த இடைவெளியை நிரப்பியது வாசகனின் பிரக்ஞை. அவன் அதை நிரப்பும்போது தன்னிடம் இருந்த சரக்கை வைத்துத்தான் நிரப்ப முடியும். எங்களிடம் வீரன் இருந்தான்.

அமெரிக்காவின் வேதாளன் இதற்கு முன்பே வந்தவன். லீ ஃபாக் 1936-ல் படைத்த அவனை 1964-ல் தொடங்கிய இந்திரஜால் காமிக்ஸ் இந்தியாவில் பரப்பியது. மூலத்தில் அவன் காடு பெங்காலா. வங்காளத்தை நினைவூட்டும் என்று இங்கே டெங்காலி ஆக்கினார்கள். நானூறு வருஷமாகச் சாகாதவன் என்று காட்டு ஜனங்களை நம்பவைத்து, தகப்பனுக்குப் பின் மகன் அதே முகமூடியை மாட்டிக்கொள்ளும் வெள்ளைக்காரக் குடும்பம். அதன் காலனிய வாடையைப் பற்றி நிறையச் சொல்லலாம். வெள்ளைக்கார வீரகதை இந்தக் கரைக்குப் புதிதும் அல்ல: சேதுபாவாசத்திரத்துக்குப் பக்கத்தில் கடலோரமாக நிற்கும் எட்டடுக்கு மனோரா, நெப்போலியன் மேல் இங்கிலீஷ்காரர்கள் பெற்ற வெற்றிக்காக 1814-ல் சரபோஜி எழுப்பியது. தஞ்சாவூர் ராஜாவுக்கு நெப்போலியன் செய்த தீங்கு என்ன என்று சின்ன வயதில் நான் யோசித்ததுண்டு. வேதாளனை நாங்கள் ரசித்தோம், கும்பிடவில்லை. அவனிடம் காயம் இல்லை, சொத்துதான் இருந்தது. தமிழில் அவனைப் பிற்பாடு எடுத்துக்கொண்ட ராணி காமிக்ஸ் அவனுக்கும் மாயாவி என்று பெயர் வைத்து ஒரு குழப்பத்தை உண்டாக்கியது. எங்கள் பக்கத்தில் அதை யாரும் ஏற்கவில்லை. 'இது கை இல்லாத மாயாவி' என்று சொல்லி ஒதுக்கினார்கள். கையில்லாதவன் கை உள்ளவனாகவும், இரண்டு கையும் உள்ளவன் கை இல்லாதவனாகவும் ஆன அந்தப் பேச்சு வழக்கை மொழியியல்காரர்கள் கவனிக்கலாம்.

1984-ல் தொடங்கிய லயன் காமிக்ஸ் தந்த ஸ்பைடரையும் சொல்லவேண்டும். அமெரிக்கச் சிலந்தி மனிதன் வேறு, இவன் வேறு, இங்கிலாந்துக்காரன். குற்றவாளிகளுக்கெல்லாம் அரசனாக வேண்டும் என்று புறப்பட்டு, பிறகு திசை மாறியவன். டெட் கோவன் ஆரம்பித்துவைத்த இந்தக் கதையை அடுத்து எழுதியவர் ஜெர்ரி சீகல். 1938-ல் ஜோ ஷூஸ்டரோடு சேர்ந்து சூப்பர்மேனைப் படைத்து, அதன் உரிமையை 130 டாலருக்கு எழுதிக்கொடுத்தவர் அதே சீகல்தான். தன் படைப்பு கோடிகளைக் குவித்துக்கொண்டிருந்தபோது அவர் பிழைப்புக்காக லண்டன் வாராந்தரிக்கு ஒரு குற்றவாளியின் கதையை எழுதிக்கொண்டிருந்தார். சூப்பர்மேன் சினிமாவாவது பேச்சில் இருந்த 1975-ல்தான் இருவருக்கும் ஓர் உதவித்தொகையும், பெயர் போடுகிற மரியாதையும் கிடைத்தன. எழுதுகிறவர்கள் படிக்கிற பத்திரிகை இது. மேலே விளக்க வேண்டியதில்லை.

இனி வெள்ளித்திரை. முகமூடி போட்ட நாயகன் தமிழ்த் திரைக்கு ஹாலிவுட்டிலிருந்து நேற்று வந்தவன் அல்ல. 1937-ல் வந்த 'மின்னல் கொடி'யில் கே.டி. ருக்மணி கொள்ளைக்காரன் வேஷத்தில் குதிரை ஏறினார். முகமூடி முதலில் பெண்ணுக்குத்தான் வாய்த்தது. 1951-ல் 'மர்மயோகி'. 1954-ல் நாமக்கல் கவிஞரின் நாவலிலிருந்து 'மலைக்கள்ளன்', வசனம் மு. கருணாநிதி, இயக்கம் ஸ்ரீராமுலு நாயுடு. பகலில் கௌரவமான வியாபாரி, இரவில் செல்வர்களைக் கொள்ளையிட்டு ஏழைக்குக் கொடுக்கிற கள்ளன். இரண்டு பேரும் ஒருவன்தான் என்பது போலீசுக்குத் தெரியாது. சூப்பர்மேன் மூக்குக்கண்ணாடி போட்டுக்கொண்டு பத்திரிகை ஆபீசுக்குப் போவதும் இதே உத்திதான். ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. அமெரிக்கச் சித்திரக்கதையில் முகம் சாதாரணம், முகமூடி அபூர்வம். தமிழ்ப் படத்தில் முகமூடி சாதாரணம், அதைக் கழற்றினால் வருகிற முகம்தான் அபூர்வம். தாடிக்குள்ளும் கறுப்புத் துணிக்குள்ளும் எம்.ஜி.ஆர். இருக்கிறார் என்பது கொட்டகை முழுவதற்கும் முதல் ரீலிலேயே தெரியும். தெரிந்த முகம் வெளிப்படுவதற்காகத்தான் மணல் தரையில் உட்கார்ந்து காத்திருந்தார்கள்.

அந்த எம்.ஜி.ஆர். 1956-ல் மதுரை வீரனாகவே நடித்தார். கண்ணதாசன் வசனம், யோகானந்த் இயக்கம். கை கால் வெட்டுண்டு சாகிற நாயகன். பின்னால் வந்த எம்.ஜி.ஆர். படங்களில் நினைத்தே பார்க்க முடியாத முடிவு அது. ஆனால் படம் ஓடிய ஓட்டத்தை எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் இன்றும் சொல்வார்கள். பிறகு 1967 ஜனவரி 12. குண்டு தொண்டையில் பாய்ந்தது. கழுத்துக் கட்டோடு ஆஸ்பத்திரிப் படுக்கையில் இருக்கும் படம் ஊர் ஊராகச் சுவரொட்டியாகப் போயிற்று. படுக்கையில் இருந்தபடியே பரங்கிமலையில் ஜெயித்தார். குரல் மட்டும் திரும்பவில்லை. அந்த வருஷம் வந்த 'காவல்காரன்' படத்தில் உடைந்த குரலிலேயே பேசினார். வேறு ஆளை வைத்துக் குரல் கொடுத்திருக்கலாம். எந்த வியாபாரியும் அதைத்தான் சொல்லியிருப்பான். ஜனங்கள் உடைந்த குரலையே ஏற்றுக்கொண்டார்கள். ஏற்றுக்கொண்டார்கள் என்பதுகூடப் போதாது, அந்தக் குரலுக்குப் பிறகுதான் அவர் வெறும் நடிகராக இல்லாமல் போனார். இழப்பு உடலில் தங்கிவிட்டது. சக்தி அதிலிருந்து வந்தது. வீரன் கதையின் விதி இருபதாம் நூற்றாண்டில் மெட்ராஸ் பொது ஆஸ்பத்திரியில் வைத்து மறுபடியும் எழுதப்பட்டது என்று சொன்னால் மிகையாகாது என்றே நினைக்கிறேன்.

சூப்பர் ஹீரோ படம் தமிழில் ஏன் வேர் பிடிக்கவில்லை என்று கேட்பவர்கள் பணம் இல்லை, கம்ப்யூட்டர் இல்லை என்பார்கள். காரணம் அதுவல்ல. அந்த இடம் காலியாக இல்லை.

இறக்குமதி செய்தவர்களுக்கே இது தெரிந்திருந்தது. 1980-ல் தெலுங்கில் என்.டி. ராமராவ் 'சூப்பர்மேன்' ஆனபோது சக்தி வேற்றுக் கிரகத்திலிருந்து வரவில்லை, ஆஞ்சநேயரிடமிருந்து வந்தது. 1987-ல் இந்தியில் வந்த 'மிஸ்டர் இந்தியா' கண்ணுக்குத் தெரியாத மனிதன் கதை. இரண்டு வருஷம் கழித்து பாக்யராஜ் நடித்துத் தமிழில் வந்தபோது அதற்கு என்ன பெயர் வைத்தார்கள்? 'என் ரத்தத்தின் ரத்தமே'. எம்.ஜி.ஆர். மேடையில் தொண்டர்களை அழைத்த வாசகம். அவர் 1987 டிசம்பரில் மறைந்திருந்தார். கண்ணுக்குத் தெரியாமல் போனவர் யார் என்பதைப் படத்துக்குப் பெயர் வைத்தவர் அறிந்தே செய்தாரா, அறியாமல் செய்தாரா என்பது முக்கியமில்லை.

ஹாலிவுட்டின் சித்திரக்கதைப் படங்களை இந்த உரைகல்லில்தான் நான் உரைக்கிறேன். 1978-ல் வந்த ரிச்சர்ட் டோனரின் 'சூப்பர்மேன்' இவ்வகையின் தாய்ப்படம். நல்ல படம்தான், கிறிஸ்டோபர் ரீவ் பறக்கும்போது நானும் இருக்கையை விட்டு எழும்புகிறேன். ஆனால் முடிவில் லோயிஸ் லேன் மண்ணுக்குள் புதைந்து செத்துப்போகிறாள். சூப்பர்மேன் பூமியைச் சுற்றிச் சுற்றிப் பறந்து, அதைப் பின்னோக்கிச் சுழலவைத்து, காலத்தைத் திருப்பி, அவளைப் பிழைக்கவைத்துவிடுகிறான். நாற்பத்தொரு வருஷம் கழித்து, 2019-ல் வந்த 'அவெஞ்சர்ஸ்: எண்ட்கேம்' அதே காரியத்தைத்தான் பெரிய செலவில் செய்தது. நடுவில் வந்த எத்தனையோ படங்களில் செத்தவர்கள் எழுந்தார்கள். தோரின் கண் ஒரு படத்தில் போனது, அடுத்த படத்திலேயே வேறு கண் வந்துவிட்டது. நடந்ததை நடக்காததாக்குவது இந்தக் கலையின் அடிப்படை ஆசையாகிவிட்டது. விதிவிலக்குகள் உண்டு. சித்திரக்கதையில் 1973-ல் செத்த க்வென் ஸ்டேசியை 2014-ல் சினிமாவிலும் சாகவே விட்டார்கள். அதற்காகவே அந்தப் பலவீனமான படத்தை நான் மன்னிக்கிறேன். 'எண்ட்கேம்' படத்திலும் டோனி ஸ்டார்க் சாகிறான், சொடுக்கிய கை கருகி. அந்தக் கருகிய கையைப் பார்த்ததும்தான் அவன் எனக்கு நெருக்கமானான்.

'எண்ட்கேம்' எங்கள் ஊரில் எப்படிப் பார்க்கப்பட்டது என்பதைச் சொல்லாமல் இந்தச் சரித்திரம் முடியாது. அதன் முந்தைய பாகம் 2018 ஏப்ரலில் வந்தது. தானோஸ் என்பவன் ஒரு சொடுக்கில் ஜீவராசிகளில் பாதியைத் தூளாக்கிவிடுகிறான். படம் அதோடு நிற்கிறது. 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் வந்தது. நெல்லுக்கு நம்பிக்கை போய்த் தென்னைக்கு மாறியிருந்த பூமி இது. விடிந்தபோது வானம் பெரிதாகியிருந்தது. மறைத்துக்கொண்டிருந்த மட்டைகள் இல்லை. தோப்புக்குத் தோப்பு மரங்கள் ஒரே திசையில் தலை வைத்துப் படுத்திருந்தன. எத்தனையோ நாள் கரண்ட் இல்லை. விழுந்த மரங்களை அறுத்து அப்புறப்படுத்தவே மாதங்கள் ஆயின. அடுத்த ஏப்ரல் 26-ம் தேதி 'எண்ட்கேம்' வந்தது. தமிழ் வசனம் ஏ.ஆர். முருகதாஸ்; அயர்ன்மேனுக்கு விஜய் சேதுபதியின் குரல். பழைய குரலே வேண்டும் என்று ரசிகர்கள் சண்டை பிடித்தார்கள். சண்டை பிடித்ததை நான் கேலி செய்யமாட்டேன். ஒரு குரல் மாறியதை என்ன செய்வது என்று ஒரு தமிழ்த் தலைமுறை 1967-லேயே யோசித்து முடிவெடுத்திருக்கிறது.

படத்தில் ஒரு இடத்தில் ஐந்து ஆண்டுகளுக்குப் பின் என்று எழுத்து வரும். நான் பார்த்த காட்சியில் பின்வரிசையிலிருந்து ஒரு குரல், 'அதுக்குள்ள கன்னு பாளை விட்டுடும்டா' என்றது. சிரிப்பு எழுந்தது, உடனே அடங்கியது. அவன் கணக்கு சரியல்ல, நெட்டை ரகம் ஆறேழு வருஷம் ஆக்கும். அது கொட்டகையில் பாதிப் பேருக்குத் தெரியும். அதற்குப் பிறகு திரையில் காலப் பயணம் செய்து, கற்களைச் சேகரித்து, போனவர்களையெல்லாம் திருப்பிக் கொண்டுவந்தார்கள். கடைசிச் சண்டைக்கு நகரத்துக் கொட்டகைகளில் எழுந்த ஆரவாரத்தைப் பற்றிப் பத்திரிகைகளில் படித்தேன். இங்கேயும் கை தட்டினார்கள். ஆனால் நான் கவனித்தவரை, திரும்பி வந்தவர்களுக்குத் தட்டியதைவிட, வெறிச்சோடிய நகரத்தில் ஒன்றும் செய்யத் தோன்றாமல் அவர்கள் உட்கார்ந்திருந்த முதல் ஒரு மணி நேரத்தில்தான் கொட்டகை நிஜமாகவே நிசப்தமாக இருந்தது. அந்த ஒரு மணி நேரம் மகத்தான சினிமா. மிச்ச இரண்டு மணி நேரம் அதை அழிப்பதற்காக எடுக்கப்பட்டது.

இந்தக் கம்பெனிப் படங்களில் எனக்குப் பிடித்தது எது என்று கேட்டால், 2014-ல் ரூஸோ சகோதரர்கள் எடுத்த 'கேப்டன் அமெரிக்கா: தி விண்டர் சோல்ஜர்' என்பேன். ரயிலிலிருந்து விழுந்து இடது கையை இழந்த பக்கி என்பவனுக்கு எதிரிகள் உலோகக் கை பொருத்தி, ஞாபகத்தை அழித்து, கொலைகாரனாக ஆக்கியிருக்கிறார்கள். அவன் திரையில் முதன்முதலாகச் சாலை நடுவில் வந்து நிற்கும்போது என் பக்கத்தில் இருந்த சிநேகிதர், தலை நரைத்தவர், தன் வலது முழங்கையை மடக்கினார். பக்கியை அமெரிக்கச் சித்திரக்கதையில் உலோகக் கையோடு எட் புரூபேக்கர் திரும்பக் கொண்டுவந்தது 2005-ல். அவருக்குக் கிராண்டேலைத் தெரிந்திருக்க வேண்டிய அவசியமில்லை. குற்றம், இழந்த கை, மாற்று உலோகம், பிறகு மெல்ல மெல்ல மனிதனாவது: இந்த வரிசை எந்த நாட்டில் வந்தாலும் எங்களுக்கு அடையாளம் தெரியும். படத்தின் பெயர் கேப்டன் அமெரிக்காவுடையது. எங்கள் ஊர்க் கணக்கில் அது மாயாவி படம்.

தமிழில் செய்யப்பட்ட முயற்சிகளைச் சுருக்கமாகவே சொல்கிறேன், நீட்டிச் சொல்ல அவற்றில் அதிகம் இல்லை. மிஷ்கினின் 'முகமூடி' (2012) தைரியமான காரியம். ஆனால் நாயகனின் முகமூடி கழன்ற பிறகுதான் படத்துக்கு உயிர் வருகிறது. 'ஹீரோ' (2019) முகமூடியை ஒரு கொடி மாதிரிப் பிடித்துக்கொண்டு பிரசங்கம் செய்தது. 'வீரன்' (2023) மட்டும் நேராக விஷயத்துக்கு வந்தது: மின்னல் தாக்கிச் சக்தி பெற்றவன், இடிக்கப்படவிருக்கும் காவல் தெய்வத்தின் வேஷத்தைப் போடுகிறான். அந்த யோசனையைக் கேட்டபோது எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. படத்திலோ அந்த வீரனின் குதிரைதான் இருந்தது, அவனுடைய காயம் இல்லை. அதே வருஷம் வந்த மடோன் அஷ்வினின் 'மாவீரன்' இவற்றில் தேர்ந்தது. பத்திரிகைக்குச் சித்திரக்கதை வரைகிற ஒரு கோழைக்கு மேலேயிருந்து ஒரு குரல் கேட்கிறது, அவன் வரைகிற நாயகனைப் போல அவனை நடக்கச் சொல்கிறது. குரல் கொடுத்தவர் மறுபடியும் விஜய் சேதுபதி. முகமூடியே இல்லாமல், நட்சத்திரத்தின் முகத்தைக் கோழையின் முகமாக்கி, சக்தியை வேறொரு குரலுக்குக் கொடுத்துவிட்டதால் இந்தப் படம் தப்பித்தது. முகத்துக்கும் சக்திக்கும் உள்ள அந்தப் பழைய முடிச்சைத் தமிழில் முதலில் தளர்த்திய படம் என்று இதைச் சொல்லலாம்.

இரும்புக்கை மாயாவி இன்னும் படமாகவில்லை. லோகேஷ் கனகராஜ் அந்தப் பெயரில் எடுக்க வெகுகாலமாக ஆசைப்படுவதாகப் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். சூர்யாவின் பெயரும் ஒருகாலத்தில் அடிபட்டது. எடுப்பதிலுள்ள சங்கடம் எனக்குப் புரிகிறது. கிராண்டேல் சக்தி பெறுகிற அந்தக் கணத்திலேயே அவன் முகம் மறைந்துவிடும். முகத்துக்காகக் காசு கொடுத்துப் பழகிய கொட்டகையில், சண்டைக் காட்சி முழுக்க நட்சத்திரம் இல்லாமல் ஒரு கை மட்டும் திரையில் அலைந்தால் வினியோகஸ்தர் சம்மதிப்பாரா? சம்மதிக்கவைக்க என்ன செய்வார்கள் என்பதையும் ஊகிக்கலாம். உடலின் விளிம்பில் ஒரு நீல ஒளியைப் போட்டு முகத்தை மங்கலாகத் தெரியவைப்பார்கள். கை போன சோகத்துக்கு ஒரு பாட்டு வைப்பார்கள். கடைசி ரீலில் ஒரு விஞ்ஞானி வந்து நிஜக் கையைத் திருப்பிக் கொடுத்தாலும் ஆச்சரியமில்லை.

1933-ல் ஜேம்ஸ் வேல், எச்.ஜி. வெல்ஸின் நாவலிலிருந்து 'கண்ணுக்குத் தெரியாத மனிதன்' படத்தை எடுத்தார். நாயகனாக நடித்த கிளாட் ரெயின்ஸுக்கு அது முதல் ஹாலிவுட் படம். படம் முழுக்கக் கட்டுத் துணியும் குரலும்தான். முகம் தெரிவது கடைசியில், உயிர் போன பிறகு. அதற்கு அவர் சம்மதித்தார். யாருக்கும் தெரியாத முகம்தானே, இழக்க ஒன்றும் இல்லை. மாயாவிக்கும் ஒரு புதுமுகம் போதும். சம்பளத்தில் மிச்சமாவதைக் கைக்குச் செலவழிக்கட்டும்.